பூட்ஸ் போட்ட பூட்டன்

நாற்பதாயிரம் வருடத்துப் பிணம்... பூட்ஸ் போட்டிருந்தது!

நெரிடாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த விநாடி சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று நாளாக ஓயாமல் அடித்த காற்று, கூரங்கா ஏரியின் கிழக்குக் கரை மணல்மேட்டைச் சீவித் தள்ளியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் அவளே தன் கையால் விரித்துக் கட்டிய சணல் வலை கிழிந்து ஓரமாய்ப் படபடத்தது. மேலே பரப்பிய உப்புச்செடிக் கிளைகளைக் காணோம்.

வலை இருந்த இடத்தில்...

ஒரு பூட்ஸ் முனை. பழுப்புத் தோல். பக்கத்தில் எலாஸ்டிக்.

கூரங்காவின் ஆதி ஜனங்கள் கங்காருத் தோல் போர்த்தினார்கள். ஏரியில் தண்ணீர் இருந்த காலத்தில் மீன் பிடித்தார்கள், சிப்பி சுட்டுத் தின்றார்கள். செத்தவர்களை முழங்கால் மடக்கி, செம்மண் தூவிப் புதைத்தார்கள். பூட்ஸ் வாங்க டவுனுக்குப் போனதாக எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை!

நெரிடா அந்த ஜனங்களின் வாரிசு. இந்தத் தேசியப் பூங்காவில் காக்கிச் சட்டை போட்ட ரேஞ்சர்.

காற்று ஒரு மூதாதையை வெளியே கொண்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கூரங்காவில் எல்லோருக்கும் தெரியும். உற்றுப் பார்க்கக் கூடாது. தொடக் கூடாது. போட்டோ கூடாது. மண்வெட்டி கூடவே கூடாது! ஏரிக்குச் சொந்தக்காரர்களான மூன்று குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் 'மூடு' என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட வேண்டும்.

நான்கு மாதத்துக்கு முன் அன்று, மண்டை ஓட்டின் வளைவு மட்டும் கொஞ்சமாய் வெளியே தெரிந்தது. நெரிடா அப்படித்தான் மூடினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இடுப்பிலிருந்த ரேடியோவை எடுத்தாள்.

"பாஸ்... பாஸ்! நெரிடா பேசறேன். கேக்குதா?"

கரகரப்பு. பிறகு நிதானமான ஒரு குரல்.

"சொல்லும்மா."

வார்விக். சீனியர் ரேஞ்சர். வெள்ளைக்காரன். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறான். ஏரி ஜனங்களின் முறையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஏரி ஜனங்களே மறந்தால்கூட அவன் எடுத்துக் கொடுப்பான்!

"பாஸ், கிழக்கு மேட்டுல இருக்கேன். வலை கிழிஞ்சு போச்சு. உள்ளே... உள்ளே என்னமோ தெரியுது பாஸ். சரியில்ல."

"என்ன தெரியுது?"

"அது வந்து..."

"சேனல்ல பேசாத. ஊரே காது கொடுத்துக்கிட்டு இருக்கும். எதையும் தொடாத. நான் கெளம்பி வரேன்."

ரேடியோ அணைந்தது.

நெரிடா வண்டியின் நிழலில் போய் உட்கார்ந்தாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி. பெயர்தான் ஏரி! வெடித்த களிமண்ணும் நீலச்செடியும்தான். பெரிய மழை பெய்தால் மட்டும் கொஞ்ச நாள் தண்ணீர் நிற்கும். மேற்கே வானம் கறுத்திருந்தது. மழை வரும் என்று வார்விக் காலையிலேயே பூங்கா ரோட்டை மூடிவிட்டான். கேட்டில் பூட்டு. சுற்றுலாக்காரர்கள் நேற்றே ஓடிவிட்டார்கள்.

எலாஸ்டிக் பூட்ஸ் இந்த வட்டாரத்தில் எல்லா ஆம்பளையும் போடுவதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'டார்சியும் போடுவான்' என்று மனசு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தது.

டார்சி... அவள் தம்பி.

போன வருடம் காணாமல் போனவன். அவன் காணாமல் போன அன்றைக்கே, ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பழைய கம்பளிக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்த மூதாதையர் சாமான்களும் காணாமல் போயின. கல் கோடாரிகள், அரைக்கும் கற்கள், எலும்பு ஊசிகள்... மதிப்பே போட முடியாதவை! வெளிநாட்டுப் பணக்காரன் எவனிடமோ விற்றுவிட்டு டார்சி ஓடிவிட்டான் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது. டவுனில் நெரிடாவைப் பார்த்தால் கடைக்காரன்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அவள் மட்டும் நம்பவில்லை. தம்பி ஒருநாள் வருவான், வந்து எல்லார் வாயையும் அடைப்பான் என்று காத்திருந்தாள்.

ரேடியோ உயிர் பெற்றது.

"ஏய் நெரிடா! எங்கடி இருக்கே?"

மேவிஸ் ஆன்ட்டி! மூன்று குடும்பங்களில் ஒன்றின் தலைவி. குரலுக்கு ரேடியோவே தேவையில்லை.

"கிழக்கு மேட்டுல ஆன்ட்டி. பாஸுக்காக வெயிட் பண்றேன்."

"மழை வருதுடி. ஊறிப்போய் நிக்கப் போறே. சீக்கிரம் வீடு போய்ச் சேரு."

"சரி ஆன்ட்டி."

"நேத்து கனவுல டார்சி வந்தான். தின்ன ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறான். கனவுலகூட அந்த உதவாக்கரைக்கு வயிறுதான்!"

நெரிடா மேட்டுப் பக்கம் பார்த்தாள்.

"வரட்டும்டி. டார்சி வந்தான்னா முதல்ல தோலை உரிக்கறேன். அப்புறம்தான் சோறு. அவனுக்குன்னே ஃப்ரீசர்ல கங்காரு வால் வச்சிருக்கேன்."

குறுக்கே ஒரு ஆண்குரல் நுழைந்தது. பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரன்.

"மேவிஸ், எனக்கும் ஒரு வால் குடேன்!"

"உனக்குத்தான் ஏற்கெனவே இருக்கேடா! ஒட்டுக்கேக்கறப்ப ஆட்டிக்கிட்டே இருப்பியே!"

சேனலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நெரிடாவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு வார்விக்கின் வண்டி வந்து நின்றது.

இறங்கினான். உயரம். நரைத்த தாடி. வண்டியின் பின்னால் தார்ப்பாயும் மண்வெட்டியும் கிடந்தன. சீட்டுக்குப் பின்னால் காட்டு ஆடு சுடுகிற துப்பாக்கி.

மண்வெட்டி எதற்கு என்று நெரிடாவுக்கு அப்போது தோன்றவில்லை.

வார்விக் மேட்டில் ஏறினான். குனிந்தான். ரொம்ப நேரம் அந்த பூட்ஸையே பார்த்தான்.

"ஹோலிஸ்..." என்றான் பல்லைக் கடித்து.

"டாக்டரா? அவங்க எதுக்கு பாஸ்?"

"வேற யாரு? நாலு மாசமா இந்த இடத்தைத் தோண்டணும்னு பேயா அலையறது யாரு?"

உண்மைதான். டாக்டர் ஹோலிஸ் தொல்லியல்காரி. மேட்டின் தெற்குக் கோடியில் கேரவன் போட்டுத் தங்கியிருப்பவள். அன்றைக்கு மண்டை ஓடு தெரிந்தபோது அவளும் இங்கேதான் நின்றாள்.

'ஒரே ஒரு நிமிஷம் பாத்துக்கறேன் வார்விக். தொடக்கூட மாட்டேன். அந்த எலும்போட நிறம் சரியில்ல!'

'இது உங்க லேப் இல்ல டாக்டர். இவங்களோட பாட்டன் பூட்டன். மூடுன்னு பெரியவங்க சொல்லியாச்சு. தள்ளி நில்லுங்க.'

அன்று நெரிடாவுக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. நம் ஆள் என்று பூரித்துப் போனாள்.

"எவனையோ கொன்னு, பழைய குழின்னு நம்ப வச்சு இங்க போட்டிருக்கா. வேற யாருக்கு அந்த மூளை இருக்கு?" வார்விக் எழுந்து கைமணலைத் தட்டினான். "நீ ஆபீஸுக்குப் போ. சேட்டிலைட் போன்ல போலீசுக்குச் சொல்லிட்டேன். அவங்க கூப்பிட்டா பேச ஒரு ஆள் வேணும்."

"நான் இங்கயே இருக்கேன் பாஸ்."

"மழை வருது நெரிடா. ரோடு சேறாயிடும். கெளம்பு."

"நீங்க போங்க. நான் இருக்கேன்." அவள் பூட்ஸைக் காட்டினாள். "பாஸ்... டார்சியும் இதே பூட்ஸ்தான் போடுவான். ஒருவேளை இது டார்சி..."

"ஷ்ஷ்!"

வார்விக் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். தலையைக் குனிந்தான்.

"பேரைச் சொல்லாதம்மா" என்றான் மெதுவாக.

காற்று நின்றிருந்தது.

ஏரி ஜனங்கள் செத்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அம்மா என்பார்கள், மூத்தவன் என்பார்கள், அந்தப் பொண்ணு என்பார்கள். பெயர் மட்டும் வாயில் வராது. அதே பெயர்க்காரன் ஊரில் இருந்தால் அவனைக்கூட வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயசிலிருந்து நாக்குக்குப் பழக்கமான மரியாதை அது.

செத்தவருக்கு!

"பாஸ்..." நெரிடா அவன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். "இது யாருன்னே இன்னும் தெரியலையே. எதுக்குப் பேரைச் சொல்லக் கூடாதுங்கறீங்க?"

வார்விக் நிமிர்ந்தான்.

"இல்ல... ஒருவேளை அவனா இருந்தா... ஒரு மரியாதைக்கு..."

நெரிடா ஒரு அடி பின்னால் போனாள். ஒரு வருடம் தலைக்குள் சரசரவென்று ஓடியது. டார்சி எங்கே, டார்சி எப்போ வருவான் என்று ஊரே பேசியது. திட்டியவர்கள் பெயர் சொல்லித் திட்டினார்கள். அழுதவர்கள் பெயர் சொல்லி அழுதார்கள். இவன் ஒருத்தன்தான் 'உன் தம்பி' என்றான். 'அந்தப் பையன்' என்றான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து மேவிஸ் ஆன்ட்டிக்கு ஆறுதல் சொன்னபோதும் 'அந்தப் பையன்'தான்.

மூன்று குடும்பமும் டார்சி உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. ஒருத்தன் மட்டும் முதல் நாளிலிருந்தே துக்கம் காத்தான்!

"ஒரே ஒரு தடவை அவன் பேரைச் சொல்லுங்க பாஸ்."

"என்ன பைத்தியக்காரத்தனம் இது?"

"சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா நான் வண்டி எடுத்துக்கிட்டுப் போயிடறேன். டார்சி. மூணே எழுத்து, சட்டுன்னு வாயில வந்துடும். சொல்லுங்க!"

வார்விக் வாயைத் திறந்தான்.

திறந்தபடியே நின்றான்.

அவனால் முடியவில்லை! பதினெட்டு வருடப் பழக்கம் நாக்கைக் கட்டிப் போட்டுவிட்டது. நெற்றியில் வியர்வை பொடித்தது. மறுபடி முயன்றான். காற்றுதான் வந்தது.

நெரிடா அப்படியே மணலில் உட்கார்ந்தாள். இந்த மணலைத்தான் அன்றைக்குக் கைகையாய் அள்ளிப் போட்டாள். பக்தியாய்ப் போட்டாள். உள்ளே இருந்தது தன் தம்பி என்று தெரியாமல்! கத்தி அழ வேண்டும் போலிருந்தது. சத்தம் வரவில்லை.

"தள்ளினேன். அவ்வளவுதான்" என்றான் வார்விக்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கொட்டகையில சாமான்களைப் பெட்டியில அடுக்கிக்கிட்டு இருந்தேன். உள்ள வந்துட்டான். பாத்துட்டான். ஆன்ட்டிகிட்ட சொல்லுவேன்னு குதிச்சான். தள்ளினேன். கம்பளி அமுக்கற பழைய மெஷின் இருக்கே... அது மேல போய் விழுந்தான். தலை."

"நீயா..." நெரிடாவின் வாயிலிருந்து 'நீங்க' கழன்று விழுந்தது. "நீயாடா எங்க சாமான்களை வித்தே? நீயாடா?"

"கொட்டகைக்குள்ள தூசி படிஞ்சு கெடந்துச்சு. அங்க கண்ணாடிப் பெட்டியில வச்சுக் கும்பிடறான் ஒருத்தன்."

"என் தம்பியைத் திருடன்னு சொல்ல வச்சியேடா!"

"காணாமப் போனவன் மேலதானே பழியைப் போட முடியும்?"

அவள் எழுந்து பாய்ந்தாள். அதற்குள் அவன் வண்டிக் கதவைத் திறந்திருந்தான். துப்பாக்கி கைக்கு வந்திருந்தது.

"உக்காரு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். அவசியமே இல்ல." அவன் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அதுதான் நெரிடாவுக்கு அருவருப்பாக இருந்தது. "எதுக்கு இங்க கொண்டாந்து வச்சேன்னு நெனைக்கறே? இதைவிட பத்திரமான எடம் உலகத்துலயே கெடையாது. வெளியே தெரிஞ்சாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டு நீங்களே மூடுவீங்க. மூடினீங்க!"

"போலீஸ் வருவாங்க."

"யாரு கூப்பிட்டா?"

நெரிடாவுக்கு உறைத்தது. சேட்டிலைட் போன்... அவன் யாரையும் கூப்பிடவே இல்லை!

"உன் வண்டிச் சாவியைக் குடு. ரேடியோவையும்."

கொடுத்தாள். வேறு வழி?

அவன் மண்வெட்டியை எடுத்தான்.

கூரங்கா மணல்மேட்டில் மண்வெட்டி விழுந்த அந்தச் சத்தத்தை அவள் சாகிற வரை மறக்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வதா, தம்பியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் பாதி பாதியாகச் செய்தாள். தார்ப்பாய் மடிகிற சத்தம் கேட்டது. அவ்வளவு சின்ன மூட்டையாகிவிட்டான் டார்சி! வீட்டுக் கதவில் தலை இடிக்காமல் ஒருநாளும் உள்ளே நுழையாதவன்.

"எங்கடா கொண்டு போறே அவனை?"

"மேற்குக் கரையில பழைய கிணறு இருக்கு. இது பூங்காவா ஆகறதுக்கு முன்னால, பண்ணைக்காரன் காலத்துக் கிணறு. கல்லைப் போட்டு மூடிட்டா முடிஞ்சுது." வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினான். "நீ நாளைக்கோ மறுநாளோ வெளியே நடந்து போவே. எல்லார்கிட்டயும் சொல்லுவே. சொல்லு. தோண்டிப் பாக்கணும்னா மூணு குடும்பமும் கூடணும், பேசணும், ஒத்துக்கணும். நான் இருந்து பாத்ததுல சீக்கிரமா முடிஞ்ச பேச்சே ஆறு மாசம்! அப்புறம் தோண்டினா என்ன இருக்கும்? மணல்!"

"அடப்பாவி..."

"திருடனோட அக்கா சொல்றதா, நான் சொல்றதா... எதை நம்புவாங்கன்னு நெனைக்கறே?"

ஜன்னல் வழியே ஒரு தண்ணீர் பாட்டிலை வீசினான்.

"வச்சுக்கோ. நான் ஒண்ணும் கொலைகாரன் இல்ல!"

ரோட்டுப் பக்கம் போகாமல் வண்டி நேராக ஏரிக்குள் இறங்கியது. ரோட்டில் போனால் மேவிஸ் ஆன்ட்டி குடியிருப்பைத் தாண்ட வேண்டும். ஏரிக்குள் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். குறுக்கே அக்கரை.

புழுதி ஒரு புள்ளியாகும் வரை நெரிடா பார்த்துக்கொண்டே நின்றாள். ஓடிப்போய் மறிக்க முடியாது. யாரையும் கூப்பிட முடியாது. போட்டோ இல்லை. சாட்சி இல்லை. இத்தனை காலம் தன் ஜனங்களைக் காப்பாற்றிய முறை இன்றைக்கு அவள் கையையே கட்டிப் போட்டிருந்தது.

டார்சி இரண்டாவது தடவையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தான். அவள் கண் முன்னாலேயே!

மேலே இடி உருண்டது.

முதல் சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. நாலணா அகலம் இருக்கும். அடுத்தது நெற்றியில். பிறகு எண்ண முடியாமல் கொட்டித் தீர்த்தது.

தெற்கே நடந்தாள். போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது.

டாக்டர் ஹோலிஸின் கேரவன் கதவை அவள் தட்டியபோது மாலை வெளிச்சம் மங்கியிருந்தது. முழங்கால் வரை சேறு. பற்கள் குளிரில் தந்தியடித்தன.

கதவு திறந்தது.

"அடக் கடவுளே! என்ன பொண்ணு இது? உள்ள வா, உள்ள வா!" ஹோலிஸுக்கு ஐம்பது வயசு. ஆண்பிள்ளைச் சட்டை, கலைந்த தலை, வாயில் அணைந்த சிகரெட். ஒரு போர்வையை எடுத்து அவள் மேல் போட்டாள். "வண்டி எங்க? மாட்டிக்கிச்சா? அந்தத் தாடிக்காரன் எங்க போய்த் தொலைஞ்சான்?"

நெரிடா சொன்னாள். திக்கித் திக்கிச் சொன்னாள்.

ஹோலிஸ் சிகரெட்டைக் கீழே போட்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் நெரிடா செத்தே போயிருப்பாள். சொல்லவில்லை. கெட்டிலைத் தேடி எடுத்து டீ போட்டாள்.

"நீங்க அன்னிக்குக் கேட்டப்ப... நாங்கதான் தடுத்தோம் டாக்டர்."

"வாயை மூடிட்டு டீயைக் குடி. போலீசைக் கூப்பிடறேன்."

மேஜை மேலிருந்த பெரிய ரேடியோவை முடுக்கினாள். போலீசின் தனிச் சேனலில் டவுன் ஸ்டேஷன் கிடைக்க நேரமாயிற்று. கான்ஸ்டபிள் ஸ்வீனியின் குரல் மழையில் நனைந்து வந்தது.

"ரோடெல்லாம் போச்சு டாக்டர். ஹெலிகாப்டர் இந்த மேகத்துல எழும்பாது. மேகம் விலகினாத்தான். காலையில பாக்கறேன்."

"காலையிலயா? அதுக்குள்ள பிணத்தைக் கிணத்துல போட்டு மூடிடுவான்யா!"

"நான் என்ன பறந்தா வர முடியும்? சொல்லுங்க!"

ஹோலிஸ் மேஜையைக் குத்தினாள். நெரிடா போர்வைக்குள் சுருண்டாள். அவ்வளவுதான். இந்நேரம் அவன் அக்கரை சேர்ந்திருப்பான். இந்நேரம் கல் உருண்டிருக்கும். அக்கா என்று ஒருத்தி இருந்தும் தம்பிக்கு ஒரு நல்ல அடக்கம்கூடச் செய்து தர முடியவில்லை.

மழை கூரையை அறைந்தது.

ஹோலிஸ் ஊர்ச் சேனலுக்கு மாற்றியதுமே ரேடியோ தானாகப் பேசியது.

"யாராவது இருக்கீங்களா? ஹலோ! யாராவது... நான் வார்விக்!"

ஹோலிஸ் திரும்பினாள். நெரிடா நிமிர்ந்தாள்.

"ஏரிக்கு நட்ட நடுவுல மாட்டிக்கிட்டேன். களிமண்ணு வண்டியைப் பிடிச்சுக்கிச்சு. எறங்கினா காலையும் விட மாட்டேங்குது. அச்சு வரைக்கும் எறங்கிடுச்சு. சுத்தி தண்ணி. சீட்டு வரைக்கும் ஏறிடுச்சு. நான் கூரை மேல உக்காந்திருக்கேன். சேட்டிலைட் போன் நனைஞ்சு போச்சு. யாராவது டிராக்டர் கொண்டு வாங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..."

நெரிடா எழுந்து வந்து மைக்கைக் கையில் எடுத்தாள்.

"நான்தான் பேசறேன்" என்றாள்.

மைக்கை வாயருகே கொண்டு வந்தாள்.

"வண்டிக்குப் பின்னால என்ன இருக்குன்னு சொல்லு. சேனல்ல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"நெரிடா... இதோ பாரு... நான் செத்துடுவேன்..."

"அவனைத் தண்ணியில தள்ளி விட்டுடலாம்னு பாக்காத. முழங்கால் தண்ணியில எதுவும் முழுகாது. எங்கயும் மிதந்தும் போகாது. அங்கயேதான் இருப்பான் அவன். உன்கூடவே!"

பத்துப் பண்ணைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு ஒரு குரல் வந்தது. இத்தனை மெதுவாக அந்தக் குரல் பேசி நெரிடா கேட்டதே இல்லை.

"நெரிடா... யாருடி அது? வண்டியில யாரு?"

மேவிஸ் ஆன்ட்டி.

நெரிடாவுக்குக் கண் மறைத்தது. வாய் வரை வந்த பெயரை விழுங்கினாள். அந்தப் பெயரை முதல் தடவையாக விழுங்கினாள்.

"என் தம்பி கெடைச்சுட்டான் ஆன்ட்டி" என்றாள்.

அவன் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு மேல் மேவிஸ் ஆன்ட்டிக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரேடியோவில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு பண்ணையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நெரிடா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினாள். இப்போது சத்தம் வந்தது. ஒரு வருடத்துச் சத்தமும் சேர்ந்து வந்தது. அவள் தம்பி அந்த மழையில் தனியாகக் கிடந்தான். அவளால் போய் ஒரு குடைகூடப் பிடிக்க முடியாது. ஹோலிஸ் அவள் முதுகில் கை வைத்தபடி நின்றாள்.

"மேவிஸ்! மேவிஸ்!" வார்விக் கதறினான். "தப்பு பண்ணிட்டேன். ஜெயிலுக்கே போறேன். உங்க குடியிருப்புல பெரிய டிராக்டர் இருக்கே. பசங்களை அனுப்பு. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு மேவிஸ்!"

மேவிஸ் ஆன்ட்டி அழுது முடித்துவிட்டு வந்தாள். ஆனாலும் பழைய மேவிஸ் ஆன்ட்டிதான்.

"ஏரிக்குள்ள டிராக்டர் எறக்கறதுன்னா சும்மாவா வார்விக்? நம்ம முறை உனக்குத் தெரியாததா? மூணு குடும்பமும் கூடணும்... உக்காந்து பேசணும்... எல்லாரும் ஒத்துக்கணும்..."

"மேவிஸ், ப்ளீஸ்!"

"கவலைப்படாதடா. உன் கேஸை அவசரக் கேஸா எடுத்துக்கறோம்... ஆறே மாசத்துல முடிச்சுடலாம்!"